பேதுருவை விட்டுக்கொடுத்த சம்பந்திகள்

என் மகள் ஏஞ்சலின் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். சென்னையில் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து என்ன வேண்டுமானாலும் பேசலாம், போப்பாண்டவரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. இதை அவள் என்னிடம்தான் சொன்னாள் என்றாலும் கண் முழுக்க என் தம்பி சாமுவேல் மேல்தான் இருந்தது.

நாங்கள் மலேசியாவில் கிள்ளான்காரர்கள். மூன்று தலைமுறையாக மெதடிஸ்ட் சபை. மாப்பிள்ளை ஜெரோம் சென்னைக் கத்தோலிக்கப் பையன். கோலாலம்பூரில் நான்கு வருடம் வேலை பார்த்தான், கூடவே என் மகளையும் பார்த்துவிட்டான். இப்போது சென்னைக்கே வேலையை மாற்றிக்கொண்டு போய்விட்டான். கல்யாணம் கிள்ளானில் எங்கள் சபையிலா, சென்னையில் அவர்கள் கோயிலிலா என்று வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும். வேறு சபைப் பெண் என்பதால் அவர் ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, எழுதி அனுமதி வாங்க வேண்டுமாம். ஏஞ்சலின் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட், அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "எந்தக் கோயில்னாலும் எனக்குச் சரி. ஆனா ரெண்டு வீடும் முகம் கோணாம சம்மதிக்கணும். சண்டைன்னு வந்துச்சுன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்மா" என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பா குணம். சொன்னால் செய்து தொலைப்பாள். அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது. அதனால் ஆண் துணையாக, வேறு வழியில்லாமல், சாமுவேல்.

சாமுவேலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு பள்ளி நடத்துகிறவன், பேச்சின் முடிவில் எங்கள் மலேசிய 'லா' ஒட்டிக்கொள்ளும். பிரசங்க மேடை இரண்டு நிமிடம் காலியாக இருந்தால் ஏறிவிடுவான். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்குவதுபோல் நடித்தே வங்காள விரிகுடாவைக் கடந்தார்.

செவ்வாய் மதியம் தி. நகரில் விடுதிக்கு வந்து சேர்ந்தோம். கிள்ளானில் சாலையைக் கடக்க விளக்குக்குக் காத்திருப்போம். உஸ்மான் சாலையில் காத்திருந்தால் அங்கேயே ஓட்டுரிமை வாங்கிவிடலாம். ஒரு பூக்காரம்மா என் கையைப் பிடித்து, வண்டிகளைப் பார்க்காமலே, என்னை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். நன்றி சொல்லத் திரும்புவதற்குள் இந்தப் பக்கம் வந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

காப்பி வந்தது. எங்கள் ஊரில் கோப்பி என்றால் ஒரு பெரிய குவளை, குடித்து முடிக்கும்போது அடுத்த வேளை வந்துவிடும். இங்கே டம்ளர் என் கட்டைவிரல் உயரம். ஆனால் ஒரு வாய் குடித்ததும் சாமுவேல் பேச்சை நிறுத்தினான். எத்தனை வருடமாக இந்த மருந்தைத் தேடிக்கொண்டிருந்தேன்!

பேச்சு திரும்பியபோது அவன் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, போப்பைப் பத்திச் சண்டைதானே போடக் கூடாது? அவங்க சொல்றது சரின்னு தலையாட்டினா தப்பில்ல லா. ஆனா விஷயம் தெரியாம தலையாட்டினா மரியாதையா இருக்காது. நாளைக்கு நான் லைப்ரரிக்குப் போறேன்."

மறுநாள் கோட்டூர்புரம் பெரிய நூலகத்துக்குப் போயே விட்டான். கத்தோலிக்கர்கள் ஏன் போப்பாண்டவரை நம்புகிறார்கள் என்று ஒரு மெதடிஸ்ட் நாள் முழுக்கக் குறிப்பெடுத்தான். நான் கல்யாணப் புடவை பார்க்கக் கிளம்பினேன்.

கடையில் நான் உட்காருவதற்குள் ஐம்பது பட்டு விழுந்தது. எல்லாம் அரக்கும் மாம்பழ மஞ்சளும். "வெள்ளையில காட்டுங்க" என்றேன். விற்பனையாளர் முகம் வாடிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "உங்களுக்காம்மா?" என்றார். "இல்லைங்க, கல்யாணப் பொண்ணுக்கு." அவர் பதறி எழுந்தே விட்டார். பிறகு என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். "கிறிஸ்டியன் கல்யாணமா! முதல்லயே சொல்லக் கூடாதாம்மா, பயந்துட்டேன். மூணாவது மாடி போங்க."

"அங்க எங்க சபைக்குத் தனியா இருக்குமா?" என்று சும்மா கேட்டேன்.

"எல்லாத்துக்கும் ஒரே கவுண்டர்தாம்மா. கேத்தலிக்னா முக்காடு நீளமா எடுப்பாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

நானூறு வருடத்துக்கு மேல் ஐரோப்பா அடித்துக்கொண்ட விஷயத்தை மூன்றாவது மாடியில் இவ்வளவு சுருக்கமாக முடித்து வைத்திருக்கிறார்கள். சந்தன வெள்ளையில் ஒன்று எடுத்தேன். அதை மடித்துக் கொடுக்கும்போதுதான் முதல் முறையாக எனக்கு உறைத்தது. இதைக் கட்டிக்கொண்டு அவள் இந்த ஊருக்கு வந்துவிடுவாள்.

மாலையில் சாமுவேல் மூன்று நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்தேயு பதினாறாம் அதிகாரத்தில் இயேசு பேதுருவிடம், இந்தப் பாறையின் மேல் என் சபையைக் கட்டுவேன் என்கிறார், பரலோகத்தின் திறவுகோல்களைத் தருவேன் என்கிறார், நீ பூமியில் கட்டுவதும் அவிழ்ப்பதும் பரலோகத்திலும் செல்லும் என்கிறார். பாறை என்பது பேதுருவேதான், சாவி அவருக்கும் அவருக்குப்பின் ரோமில் உட்காருகிறவருக்கும் என்பது கத்தோலிக்கர் கட்சி. பாறை பேதுரு அல்ல, இயேசுவைக் கிறிஸ்து என்று அவர் சொன்ன விசுவாசம்தான், அல்லது கிறிஸ்துவேதான் என்பது எங்கள் கட்சி. சாமுவேல் முப்பது வருடமாக எங்கள் கட்சியின் பீரங்கி. அன்று சாயங்காலம் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "அக்கா, அவங்க பக்கம் பாயிண்ட் நிறைய இருக்கு லா" என்றான். எனக்குக் கவலையாகிவிட்டது.

வியாழக்கிழமை மந்தைவெளியில் மாப்பிள்ளை வீட்டில் சாப்பாடு. ஆட்டோ பிடித்தோம். மெட்ரோ தோண்டுகிறார்கள் என்று ஊர் முழுக்கத் தகரம் அடித்து வைத்திருந்தது. லஸ் முனையில் ஒரு பழக்கடையைத் தாண்டினோம். பத்து நிமிடம் கழித்து அதே பழக்கடையைத் தாண்டினோம். மூன்றாவது முறை பழக்கடைக்காரர் எங்களுக்குக் கையசைத்தார்.

"மெட்ரோ வேலை நடந்துகினு கீதும்மா, இந்தாண்ட வுட மாட்றான்" என்றார் ஓட்டுநர். பிறகு கண்ணாடியில் சாமுவேலைப் பார்த்து, "சார் இன்னா, ஏறுனதுலேர்ந்து நோட்டையே பாத்துகினு கீறாரு? பரீச்சையா?"

சாமுவேலுக்கு இது போதும். பேதுருவில் தொடங்கி ரோம் வரை சொன்னான். ஓட்டுநர் பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது நைனா, மொதோ ஆளுக்குச் சாவி குட்த்தாரு. கரீட்டு. அவரு பூட்டாரு. அடுத்த ஆளுக்குச் சாவி யாரு குட்த்தது?"

"அது வழிவழியா வர்றதுங்க."

"எங்க ஸ்டாண்டுல மொதோ வண்டி போட்டது எங்கப்பா. அவருதான் தலீவரு. அவரு பூட்டப்புறம் நான் போய்ச் சீட்டுல குந்துனேன். எழுப்பி வுட்டானுங்க. ஓட்டு போட்டு வேற ஆளை வச்சானுங்க."

"போப்பையும் ஓட்டுப் போட்டுத்தாங்க தேர்ந்தெடுக்கறாங்க!" என்று சாமுவேல் குதித்தான்.

"அப்ப நம்ம ஸ்டாண்டு மாறிதான்" என்று ஓட்டுநர் திருப்தியாகத் தலையாட்டி, நாலாவது முறையும் லஸ்ஸுக்கே கொண்டுவந்தார்.

ஜெரோமின் அப்பா அருளப்பன் வங்கியில் ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் இரண்டு பேனா, நெற்றியில் எப்போதும் ஒரு யோசனை. அம்மா செல்வராணி பேச்சைவிடக் கரண்டியை நம்புகிறவர். வஞ்சிரம் வறுவல், நண்டு மசாலா, எலும்பு ரசம் என்று இலையில் இடமே இல்லை. என் இலையில் ஒரு துண்டு குறைந்தால் அவர் கை தானாக நீண்டது. ஜெரோம் என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான். நான் அவனிடம் அதிகம் பேசவில்லை. என் மகளைக் கொண்டுபோகிறவன் என்று உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது. அது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

சாப்பிட்டு முடித்து நாற்காலிகளுக்கு வந்தோம். அருளப்பன் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்றேன். மத்தேயுல வர்ற பாறை பேதுருங்கற ஆள் இல்ல, அவரோட விசுவாசம்தான்னு நீங்க சொல்றீங்களே, அது ரொம்ப நியாயமா படுது எனக்கு."

ஜெரோம் கண்ணை மூடிக்கொண்டான். பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏஞ்சலின் அந்த வீட்டுக்கும் அதே நிபந்தனையைப் போட்டிருக்கிறாள். அருளப்பனும் சண்டைதானே கூடாது, தலையாட்டலாமே என்று முடிவு செய்து, அடையாறில் இருக்கும் ஒரு புராட்டஸ்டன்ட் நண்பர் வீட்டுக்கு ஒரு வாரமாகப் போய்ப் பாடம் படித்திருக்கிறார். நண்பர் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்.

தலையாட்டுவதற்காகவே நாள் முழுக்கப் படித்துவிட்டு வந்த சாமுவேலுக்கு ஆட்ட ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சம்பந்தி" என்றான். "சீமோன்னு இருந்தவருக்குப் பேதுரு, அதாவது பாறைன்னு பேர் மாத்தினதே ஆண்டவர்தானே? அப்புறம் பாறை வேற யாராம்? அவர்தான்."

"நீங்க பெருந்தன்மையா சொல்றீங்க. ஆனா கட்டுறதும் அவிழ்க்கறதும் பதினெட்டாம் அதிகாரத்துல எல்லாச் சீஷருக்கும்தானே குடுத்திருக்கு?"

"அதிகாரம் எல்லாருக்கும். சாவி? சாவி ஒருத்தருக்குத்தான். ஏசாயால அரண்மனை விசாரிப்புக்காரன் தோள்ல தாவீது வீட்டுச் சாவியை வைக்கறாரே, அதேதான் இது."

"அந்தியோகியாவுல பவுல் பேதுருவை முகத்துக்கு நேரா கண்டிச்சாரே! தலைவரை யாராவது அப்படிக் கண்டிப்பாங்களா?"

"தலைவர்ங்கறதாலதானே கண்டிச்சது பெரிய சேதியா எழுதியிருக்கு? உன் சகோதரரைத் திடப்படுத்துன்னு ஆண்டவர் யார்கிட்ட சொன்னார்? பேதுருகிட்ட!"

"அவரே தன்னை மத்த மூப்பரோட உடன் மூப்பன்னுதான் எழுதறார். ரோமைப் பத்தி ஆண்டவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்காரா? வாரிசைப் பத்தி? காட்டுங்க பார்ப்போம்!"

ஒரு மெதடிஸ்ட் போப்பாண்டவருக்காக எழுந்து நின்றுவிட்டான். ஒரு கத்தோலிக்கர் போப்பாண்டவருக்கு எதிராக மேசையைத் தட்டினார். சுவரில் மாட்டியிருந்த போப்பாண்டவர் படம் இரண்டு பேரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தது. செல்வராணி பால் பாயசம் கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. நான் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

சண்டை கோயிலுக்குத் தாவியது. "கல்யாணம் உங்க கோயில்லதான்" என்றான் சாமுவேல். "முடியாது, உங்க சபையிலதான், கிள்ளான்லதான்" என்றார் அருளப்பன். "எங்க மரியாதையை நீங்க ஏத்துக்க மாட்டீங்களா?" என்றான் இவன். "விட்டுக்குடுக்க வந்தவனை அவமானப்படுத்தறீங்க" என்றார் அவர். கடைசியில் அவர் சொன்னார்: "இவ்வளவு பிடிவாதமான வீட்ல நாங்க எப்படிங்க சம்பந்தம் வெச்சுக்கறது?" சாமுவேல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டான். ஜெரோம் வாசல் வரை வந்து, "ஆன்ட்டி" என்றான். கேட்டைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றான்.

விடுதிக்கு வந்ததும் ஏஞ்சலின் அழைத்தாள். "போப்பைப் பத்திப் பேசினீங்களா?"

"பேசினோம்."

"அம்மா! மாமா திட்டினாரா?"

"இல்லைம்மா. மாமா போப்புக்கு ஆதரவாத்தான் பேசினார். ஜெரோம் அப்பாதான் திட்டினார்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமைம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள். குரல் சரியில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அழைப்பை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. கல்யாணம் நின்றால் அவள் கிள்ளானிலேயே இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் என் பக்கத்தில் உட்காருவாள். பழி பேதுரு மேல் விழும், என் மேல் விழாது. சாமுவேல் பேசப்பேச நான் ஏன் தடுக்கவில்லை, ஏன் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. என்னை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஜெரோமே கார் கொண்டுவந்தான். "அப்பா, அம்மா கோயில்ல இருக்காங்க ஆன்ட்டி. பன்னிரண்டு மணிக்குள்ள ஃபாதர்கிட்ட சொல்லணும். கடைசியா ஒரு தடவை பேசிப் பாப்போம்." முகம் வீங்கியிருந்தது. ராஜா அண்ணாமலைபுரம் தாண்டும் வரை யாரும் பேசவில்லை. சாமுவேல்கூடப் பேசவில்லை. பயணத்தில் இரண்டாவது அதிசயம் இது.

பங்கு அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். உள்ளே சாமியார் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வந்த கும்பலைச் சமாளித்துக்கொண்டிருந்தார். அருளப்பன் எங்களைப் பார்த்து எழுந்து வணங்கினார். "நேத்து கொஞ்சம் அதிகமா பேசிட்டேன் சம்பந்தி, மன்னிக்கணும். நீங்க சொன்ன மாதிரி எல்லாம் உங்க சபையிலயே வெச்சுக்கலாம்."

"நான் எங்கே அப்படிச் சொன்னேன்? இங்கேதானே வெச்சுக்கலாம்னு சொன்னேன்?" என்றான் சாமுவேல்.

மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. செல்வராணி மரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மணி பதினொன்றே முக்கால். ஜெரோம் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஜெரோம், ஏஞ்சலின் மேல உனக்கு அன்பு இருக்கா?"

அவன் திடுக்கிட்டுச் சிரித்தான். "என்ன ஆன்ட்டி இது? இருக்கு."

மறுபடியும் கேட்டேன். "உண்மையா அன்பு இருக்கா?"

"இருக்கு ஆன்ட்டி." சிரிப்பு போய்விட்டது.

இரண்டு சம்பந்திகளும் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். வேதம் படித்தவர்கள் ஆயிற்றே. யோவான் கடைசி அதிகாரம். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் பேதுருவிடம் மூன்று முறை இதைத்தான் கேட்கிறார், ஒவ்வொரு முறையும் ஆடுகளை ஒப்படைக்கிறார்.

"பாத்தீங்களா!" என்றார் அருளப்பன். படித்த பாடமெல்லாம் ஒரு நொடியில் மறந்துவிட்டது. "மொத்த மந்தையையும் பேதுரு ஒருத்தர்கிட்டதான் ஒப்படைக்கறார். போப்பாண்டவர் பதவிக்கு இதைவிடச் சாட்சி வேணுமா?"

"பதவியும் இல்ல ஒண்ணும் இல்ல!" சாமுவேல் பழைய பீரங்கியாகிவிட்டான். "ஆண்டவரைத் தெரியாதுன்னு மூணு தடவை மறுதலிச்சவரை மூணு தடவை கேட்டு மன்னிச்சுச் சேர்த்துக்கிட்டார், அவ்வளவுதான் லா!"

அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்ட சந்தோஷம் இரண்டு முகத்திலும் தெரிந்தது. ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டு சண்டை போட்டார்கள்.

நான் அவர்களைக் கவனிக்கவில்லை. மூன்றாவது முறையும் கேட்டேன். "அவ மேல உனக்கு அன்பு இருக்காப்பா?"

ஜெரோமுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் என்ன தப்பு பண்ணேன் ஆன்ட்டி? ஏன் திரும்பத் திரும்பக் கேக்கறீங்க? உங்களுக்கே தெரியுமே."

தெரியும். நாலு வருடமாகத் தெரியும். தெரிந்ததால்தான் எனக்கு அவன் மேல் கோபம்.

"காலைல பசியாறாம வேலைக்கு ஓடிருவா" என்றேன். "கேட்டா பசிக்கலைன்னு பொய் சொல்லுவா. நம்பாதே. பிடிச்சு உட்கார வெச்சு சாப்பாடு போடு."

"சரி ஆன்ட்டி" என்றான். பின்னாலிருந்து செல்வராணி, "நான் பாத்துக்கறேன் சம்பந்தியம்மா" என்றார். அந்த வாரத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான்.

எழுந்து அலுவலகத்துக்குள் போனேன். "ஃபாதர், கல்யாணம் இங்கேயே. பொண்ணு இருக்கப்போற ஊர்லயே நடக்கட்டும். எங்க பாதிரியாரும் வந்து ஒரு ஜெபம் செய்யட்டும்."

சாமியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபடி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வேப்பமரத்தடியில் ஒருவர் விரலை ஆட்ட, இன்னொருவர் நோட்டுப் புத்தகத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியவங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்களாம்மா?"

"அவங்க முடிக்க இன்னும் நாளாகும் ஃபாதர். பொண்ணைப் பெத்தவ நான். எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.